ஏழுமலையின் வலது கண்

அக்கா,

காயப்போட்டிருந்த சேலையை இன்று காலை மடிக்கும்போது முந்தானையில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள் இருப்பதைக் கண்டேன். மிளகு அளவில் இரண்டு, கடுகு அளவில் நிறைய. மூன்று முறை அலசிய சேலை. ஆனாலும் முகத்தருகே கொண்டுபோனால் ஆசிட் வாடை வருகிறது. அல்லது வருவதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த ஐந்து நாட்களாக எது உண்மையில் இருக்கிறது, எது என் பயம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நம் பள்ளி ஆய்வகத்தில் நான் அறிவியல் நடத்த, நீங்கள் உதவியாளராக இருந்து குடுவைகளைக் கழுவி, புட்டிகளுக்கு லேபிள் ஒட்டி, இருபது வருடத்துக்கு மேல் ஒரே அறையில் நின்றோம். நான் உங்களை அக்கா என்றேன். நீங்கள் என்னை டீச்சர் என்றீர்கள். அவசரம் வந்தால் மட்டும் 'டீச்சரு, நீ தள்ளு' என்பீர்கள். நீங்கள் இறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது இந்த வாரம்தான்.

ஏழுமலையை ஞாபகம் இருக்கிறதா? கல் பட்டறை வீட்டுப் பையன். வகுப்பில் தூங்குவான், ஆய்வகத்துக்கு வந்தால் மட்டும் கண் விரிய நிற்பான். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். மாமல்லபுரத்தில் எங்கள் தெருமுனையிலேயே அவனுக்குப் பட்டறை. ஓட்டல் தோட்டங்களுக்குக் கருங்கல் யானைகள் செய்து தருகிறான். இன்று செங்கல்பட்டில் டாக்டர் அவனுடைய வலது கண்ணின் கட்டைப் பிரிக்கிறார். அவன் மனைவி கஸ்தூரி போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். செய்வாளா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பட்டறைகளில் பகலெல்லாம் உளியும் மெஷினும். வெயில் இறங்கிய பிறகுதான் ஆசிட் கழுவுவார்கள். வெயிலில் கழுவினால் ஆசிட் காய்ந்து கல்லில் திட்டுத் திட்டாக நின்றுவிடும். கழுவிய ஆசிட் தரையில் தேங்கும் இடத்தில் ஒரு கை சுண்ணாம்பை அள்ளிப் போடுவார்கள். சுர்ரென்று இரைந்து அடங்கும். அதற்கென்றே ஒவ்வொரு பட்டறையிலும் மூலையில் ஒரு சுண்ணாம்பு டப்பா இருக்கும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. நான் சொல்லப்போவது அந்த டப்பாவைப் பற்றி என்பதால் ஆரம்பத்திலேயே சொல்லி வைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டறையிலிருந்து ஓர் அலறல். உள்ளே ஓடினேன். ஏழுமலை யானையின் காலடியில் உட்கார்ந்து வலது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான். கல்லில் படிந்த துருக்கறையை நார் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறான்; பிரஷ் வழுக்கி ஆசிட் முகத்தில் தெறித்திருக்கிறது. கண்ணுக்குப் போட வேண்டிய பிளாஸ்டிக் கண்ணாடி பத்திரமாக யானையின் காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மச்சான், கண்ணு எரியுதுடா, சுண்ணாம்ப எடு" என்று கத்தினான். கஸ்தூரியின் தம்பி டப்பாவோடு நின்றான். "போடுடா. ஆசிடுக்கு சுண்ணாம்புதான். டீச்சர் சொல்லிக் குடுத்துக்கீறாங்க."

நான் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைப்பதற்குள் அந்தப் பையன் இரண்டு விரலில் சுண்ணாம்பை எடுத்து, தன் அக்கா கஸ்தூரியின் கணவனுடைய கண்ணில் அப்பிவிட்டான்.

அக்கா, அந்த நொடியில் எனக்கு என் குரல் கேட்டது. கரும்பலகை முன்னால் நின்று, எடுத்துக்காட்டு சொல்லும்போது எனக்கு வரும் அந்த உற்சாகமான குரல். 'அமிலத்தைக் காரம் சமன் செய்யும். எங்கே பார்த்திருக்கிறீர்கள்? உங்கள் பட்டறையில் ஆசிட் சிந்தினால் சுண்ணாம்பு போடுகிறார்களே, அதுதான்.' பாடப்புத்தகத்தில் தேனீ கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவதைத்தான் சொல்லியிருந்தது. பட்டறைப் பிள்ளைகளுக்குப் பட்டறையிலிருந்தே சொன்னால் மனதில் நிற்கும் என்று நான்தான் சேர்த்தேன். நின்றுவிட்டது.

நீங்கள் அன்றே சொன்னீர்கள். டீ குடிக்கும் நேரத்தில், தம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள். "தரைக்குன்னு சேத்து சொல்லு டீச்சர். இதுங்க பட்டறை வூட்டு புள்ளைங்க. நாளைக்கு கண்ணுல பட்டாலும் அதத்தான் போட்டுக்கும்."

நான் சிரித்தேன். "அதெல்லாம் பரீட்சையில வராது அக்கா" என்றேன்.

நீங்கள் மேலே பேசவில்லை. நான் எதையாவது கேட்க விருப்பமில்லாமல் இருந்தால் நீங்கள் மேலே பேசமாட்டீர்கள். அதுதான் இப்போது வலிக்கிறது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். 'கை நடுங்கும்போது யோசிக்காத டீச்சர், தண்ணி மட்டும் ஊத்து' என்று நீங்கள் சொன்னது நினைவில் வந்தது. கல் அறுக்கும் மெஷினுக்குத் தண்ணீர் விடும் ட்யூப் தரையில் கிடந்தது. போர் மோட்டாரைப் போடச் சொன்னேன். ஏழுமலையைப் படுக்க வைத்து, வலது கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சாய்த்தேன். இல்லாவிட்டால் கழுவிய நீர் நல்ல கண்ணுக்குள் ஓடிவிடும். மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக நீரை விட்டேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நான் விரலால் இமைகளைப் பிரித்துப் பிடித்தேன். "பனியனைக் கிழிச்சு எடுங்க, அதிலயும் ஆசிட் இருக்கு" என்றேன். பேயறைந்தவன் போல நின்ற மச்சான் அதைச் செய்தான்.

அப்போதுதான் கஸ்தூரி ஓடிவந்தாள். பின்னாலேயே ஆட்டோ.

"ஏத்துங்க, ஏத்துங்க" என்றார் ஆட்டோக்காரர். "செங்கல்பட்டு போவ ஒரு மணி நேரம் ஆவும்."

"இருபது நிமிஷம் கழுவிட்டுத்தான் ஏத்தணும்" என்றேன்.

"இருபது நிமிஷமா?" கஸ்தூரி என் தோளைப் பிடித்து இழுத்தாள். "இன்னா டீச்சர் இது? அங்க கண்ணு போவுது, நீங்க குளிப்பாட்டிகினு கீறீங்க?"

"கஸ்தூரி, இந்தா என் போன். மணி பாரு. அஞ்சு அஞ்சு நிமிஷமா சொல்லிட்டே இரு."

"டீச்சர், கால்ல வுழறேன், வுடுங்க."

நான் விடவில்லை. ஆனால் உறுதியாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே எனக்கு வேறொரு கணக்கு ஓடியது. நான் சொல்வது சரியாக இருந்தால் கண் பிழைக்கும். தவறாக இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவனை இருபது நிமிடம் பிடித்து வைத்தவள் நான். சுண்ணாம்புப் பாடம் சொன்னபோதும் நான் இதே உறுதியோடுதான் சொன்னேன்.

"அஞ்சு ஆச்சு டீச்சர்" என்றாள் கஸ்தூரி. அழுதுகொண்டே சொன்னாள்.

நம் ஆய்வகத்தில் ஒரு பெண்ணின் கண்ணில் ஆசிட் தெறித்த நாளை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் என்ன செய்தேன்? அலமாரிக்கு ஓடி சோடா உப்புக் கரைசலை எடுத்தேன். படித்தவளாயிற்றே, சமன் செய்யப் போனேன். நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள். புட்டி விழுந்து உடைந்தது. "டீச்சரு, நீ தள்ளு" என்று அந்தப் பெண்ணின் தலையைக் குழாயடியில் வைத்தீர்கள். அடுத்த மணி அடிக்கும் வரை எடுக்கவில்லை. மேல் இமையை ஒரு விரலில் புரட்டி அதற்குள்ளும் நீர் விட்டீர்கள். தலைமை ஆசிரியர் வந்து உடைந்த புட்டி பற்றிக் கேட்டபோது, "என் கை பட்டுட்சி சார்" என்றீர்கள். அந்தப் பெண் மறுவாரம் பள்ளிக்கு வந்தாள், எப்போதும் போல் எழுத்துப் பிழைகளோடு.

உங்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று அன்று மாலை கேட்டேன். உங்கள் கணவர் வேலை பார்த்த ஐஸ் கம்பெனியைப் பற்றிச் சொன்னீர்கள். மீனுக்கு ஐஸ் போடும் இடம். குழாய் பிய்த்துக்கொண்டு அம்மோனியா அவர் முகத்தில் அடித்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் விளக்கெண்ணெய் விட்டார். ஒருவர் தாய்ப்பால் கேட்டு ஓடினார். பிறகு வேனில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். "ஒரு குடம் தண்ணி ஊத்தல டீச்சர். ஐஸ் கம்பெனி அது. சுத்தி தண்ணி. பின்னால கடலு. ஒரு குடம் ஊத்த ஒருத்தருக்கும் தோணல." அதற்குப் பிறகு அவர் பத்து வருடம் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மீன் மார்க்கெட்டுக்கு வந்தார். நான் பார்த்திருக்கிறேன்.

"பத்து" என்றாள் கஸ்தூரி. அப்போது கரண்ட் போனது.

மோட்டார் நின்றது. ட்யூபில் நீர் மெலிந்து, சொட்டி, நின்றுவிட்டது.

"போச்சு" என்றார் ஆட்டோக்காரர். "அதான் சாமியே சொல்லுது, கெளம்புங்க."

"குடிக்கிற தண்ணி கேன் எங்க இருக்கு?" என்று கேட்டேன். யாரும் அசையவில்லை. பிறகு மச்சான் ஓடினான். அந்தப் பையன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை அக்கா. தான் செய்தது என்ன என்று அவனுக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. இரண்டு கேன்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினோம். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு, "டீச்சர், கேன் தண்ணிய இப்டி கொட்றீங்களே, நாளைக்கு நாஸ்தாவுக்கு குடிக்க இன்னா பண்றது" என்றான். கஸ்தூரி அவனைத் திட்டினாள். அழுகைக்கு நடுவில் அவள் திட்டியது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

இமையைப் பிரித்தபோது வெள்ளையாகச் சில துகள்கள் நீரோடு வந்தன. கீழ் இமையில் ஒன்று ஒட்டியிருந்தது. ஈரத்துணியின் முனையால் எடுத்தேன். மேல் இமைக்குள்ளும் இருக்க வேண்டும். உங்களைப் போல அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். விரலை வைத்தேன். அவன் துடித்தான். என்னால் முடியவில்லை. கண்ணையே கிழித்துவிடுவேனோ என்று பயந்து விரலை எடுத்துவிட்டேன். நீரை மட்டும் உள்ளே போகும்படி ஊற்றினேன். அதுவே போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கஸ்தூரி இருபது என்றாள். சுண்ணாம்பும் உள்ளே போயிருப்பதால் இன்னும் ஐந்து நிமிடம் ஊற்றினேன். பிறகு ஏற்றினோம். ஆசிட் கேனையும் சுண்ணாம்பு டப்பாவையும் ஆட்டோவில் வைக்கச் சொன்னேன். என்ன பட்டது என்று டாக்டர் பார்த்தால் தெரியும். வழியெல்லாம் சொம்பில் நீரை ஊற்றிக்கொண்டே போனோம். ஆட்டோக்காரர் சீட்டு நனைவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செங்கல்பட்டில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஊத்தினீங்களா, எவ்வளவு நேரம்?" சொன்னேன். தலையசைத்தார். அடுத்தது, "சுண்ணாம்பு உள்ளே போயிருக்கா?"

போயிருக்கிறது என்றேன்.

அவர் மறுபடியும் வெகுநேரம் கழுவினார். மேல் இமையைப் புரட்டி ஒரு துகளை எடுத்தார். வெளியே வந்து, "ஆசிட் பெரிசா ஒண்ணும் பண்ணல. சுண்ணாம்புதான் எனக்குக் கவலை. அது உள்ள இறங்கிட்டே போகும். அஞ்சு நாள் பார்க்கலாம்" என்றார்.

வராந்தாவில் கஸ்தூரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "டீச்சர், சுண்ணாம்பு நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு அது சொல்லிகினே கீது. நெசமா?"

"ஆமாம்" என்றேன்.

வேறு என்ன சொல்வது? தரைக்குச் சொன்னேன், கண்ணுக்குச் சொல்லவில்லை என்று விளக்கலாம். எரிகிற இடத்தில் இன்னொரு நெருப்பை வைப்பது போல அது என்று எடுத்துக்காட்டும் சொல்லலாம். என் எடுத்துக்காட்டுகளால் வந்த வினை போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் எழுந்து பெஞ்சின் அந்தக் கடைசியில் போய் உட்கார்ந்தாள். என் போன் அவள் மடியிலேயே இருந்தது. திருப்பிக் கேட்க எனக்குத் துணிவில்லை. மறுநாள் மச்சான்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

அதன் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. எத்தனை வருடம் அந்தப் பாடத்தை நடத்தினேன்? எத்தனை பட்டறைப் பிள்ளைகள்? ஒவ்வொரு வருடமும் அதே எடுத்துக்காட்டு, அதே உற்சாகம். பிள்ளைகள் நான் சொன்னதை மறக்கக்கூடாது என்று பாடுபட்டவள், இப்போது அவர்கள் மறந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போகிறேன்.

முதல் பட்டறையில் இருந்தவனுக்குப் பாடமும் நினைவில்லை, என்னையும் நினைவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது பட்டறையில் இருந்தவன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். "ஆசிட் கண்ணில் பட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "அமிலத்தைக் காரம் சமன் செய்யும் டீச்சர்" என்றான், மூச்சு விடாமல். பக்கத்தில் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அவன் முகத்தில் எவ்வளவு பெருமை.

"தப்பு" என்றேன். "நான் சொன்னது அரைகுறை. சுண்ணாம்பு தரைக்கு. உடம்புக்குத் தண்ணி. கண்ணுக்குத் தண்ணி. சட்டையைக் கழட்டு, தண்ணிய ஊத்திட்டே இரு, அப்புறம் ஆஸ்பத்திரி."

"இப்ப வந்து சொல்றீங்களே டீச்சர்" என்றான். "அன்னிக்கு இதுக்கு அஞ்சு மார்க்கு குடுத்தீங்க."

"திருப்பிக் குடுடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாவது பட்டறையில் யாரும் நான் சொன்னதை நம்பவில்லை. "தண்ணி பட்டா ஆசிட் பரவும்மா" என்றார் பெரியவர் ஒருவர். சேலையில் குழம்பு கொட்டினால் ஒரு சொட்டு நீர் விட்டால் கறை பரவும், குழாயடியில் பிடித்தால் ஓடிப்போகும் இல்லையா என்று கேட்டேன். யோசித்தார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் போன் வந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

கஸ்தூரிதான். "பிரிச்சாச்சு டீச்சர்" என்றாள். பேனாவை மூடி வைத்தேன். "பார்வ கீது" என்றாள். "டாக்டர் வெரல காமிச்சாரு, எண்ணிட்சி. மேல ஓரமா மட்டும் வெள்ளையா ஒரு தழும்பு. அந்தப் பக்கம் பாத்தா புகையாட்டம் தெரியுதாம். அது போவாதுன்னுட்டாரு."

மேல் ஓரம். மேல் இமையின் கீழே. நான் விரலை எடுத்த இடம்.

ஆசிட் போன இடம் தெரியவில்லை அக்கா. நான் சொன்னதுதான் தழும்பாக நிற்கிறது. கண் பிழைத்துவிட்டது என்று மகிழ வேண்டும்; மகிழ்ச்சிதான். ஆனால் ஏழுமலை இனிமேல் மேலே பார்க்கும்போதெல்லாம் என் பாடத்தின் வழியாகத்தான் பார்ப்பான்.

போனை அவன் வாங்கினான். "டீச்சர், அழாதீங்க" என்றான். நான் அழுகிறேன் என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ. "யானைக்கி ஒண்ணும் ஆவல. மச்சான் போன்ல போட்டோ காமிச்சான், ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டேன்." பிறகு அவன் குரல் மாறியது. "பட்டறை பட்டறையா போறீங்களாமே, மச்சான் சொன்னான். குமார் பட்டறைக்கு போனீங்களா?"

"எந்தக் குமார்?"

"நம்ம கிளாஸ்ல மொத மார்க்கு வாங்குவானே. ஈசிஆர் ரோட்டாண்ட பட்டறை வெச்சிக்கீறான். எட்டு ஆளு கீறாங்க. அங்க குழாய் கூட கெடையாது, பக்கத்து ஓட்டல்ல கேட்டு தண்ணி எடுப்பான். அவன் ஒண்ணும் மறக்க மாட்டான் டீச்சர். அவன் ஆளுங்களுக்கும் சொல்லிக் குடுத்திருப்பான்."

குமாரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் சொன்னதைப் புள்ளி, கமா விடாமல் எழுதுவான். அவன் விடைத்தாளை மற்ற பிள்ளைகளுக்குக் காட்டுவேன்.

மணி மூன்றரை ஆகிறது. வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர்கள் ஆசிட்டைத் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பஸ் கிடைத்தால் அதற்குள் போய்விடலாம். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது தண்ணீரை ஊற்று என்று சொல்லும் அந்த ஒரு வேலைதான் அக்கா, அதைத் தாமதமாகச் செய்கிறேன். இப்போதெல்லாம் பையில் குடை எடுத்துப்போவதில்லை. இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு, நிறைய நிரப்பி வைத்திருக்கிறேன். தோள் வலிக்கிறது. குமாரின் ஆட்கள் எட்டுப் பேர் என்றான். இது ஒருவருக்குக்கூடப் போதாது. அதனால் முதலில் அந்த ஓட்டலுக்குப் போய், அவர்கள் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிறகு பட்டறைக்குள் நுழையலாம் என்றிருக்கிறேன்.